எண்ணிப் பார்த்தவர்கள்

ரயில் பிரயாணத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வழியில் எங்கேயாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றுவிட்டால், மற்றவர்களைப் போல் கடிகாரத்தைப் பார்த்து அலுத்துக்கொள்ள மாட்டேன். பிளாட்பாரத்தில் இறங்கி யாரிடமாவது பேச்சுக் கொடுக்கத் தொடங்கிவிடுவேன். "வண்டி கிளம்பிவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று வீட்டில் கோபித்துக்கொள்வார்கள். இதுவரையில் எந்த வண்டியும் என்னை விட்டுவிட்டுப் போனதில்லை. சில நல்ல மனிதர்களின் சிநேகம் கிடைத்ததுதான் கண்ட பலன்.

அப்படித்தான் ஒரு நாள் காலையில், அரியலூருக்கு அருகே ஒரு சிறிய ஸ்டேஷனில் வண்டி நின்றது. பிளாட்பாரத்தில் ஒரு புங்கமரம். அதன் அடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு. பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, காலடியில் ஒரு துணிப்பை. எதிர்ப் புறத்துப் பாதையில் செம்மஞ்சள் நிறச் சட்டை அணிந்த சிலர் ஜல்லியைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். பெரியவர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று ஒரு விசில் ஊதியது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கடப்பாரைகளை எடுத்துக்கொண்டு ஓரமாக விலகி நின்றார்கள். சற்றைக்கெல்லாம் ஒரு சரக்கு வண்டி தடதடவென்று அந்தப் பாதையில் போயிற்று. புழுதி அடங்கியதும் பெரியவரின் உதடுகள் அசைவதைக் கவனித்தேன்.

"...ஒன்பது, பத்து, பதினொண்ணு. சரி."

எனக்கு ஆவல் தாங்கவில்லை. "யாரை எண்ணுகிறீர்கள், பெரியவரே?" என்று கேட்டேன்.

அவர் சிறிது வெட்கத்துடன் சிரித்தார். "பழக்கம் ஐயா. முப்பத்தஞ்சு வருஷம் ரயில் பாதையிலே வேலை பார்த்தேன். கடைசிப் பதினாறு வருஷம் நான்தான் மேஸ்திரி. வண்டி வர்றதுக்கு முன்னாடி ஆளுங்களை எண்ணுவேன், போனதும் எண்ணுவேன். கணக்கு சரியா இருந்தாத்தான் மறுபடியும் கடப்பாரையைத் தொடச் சொல்லுவேன்."

"என்றைக்காவது கணக்குத் தப்பியதுண்டா?"

கேட்ட பிறகுதான், கேட்டிருக்க வேண்டாமே என்று தோன்றியது. பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு தடவை ஒண்ணு குறைஞ்சுது, ஐயா" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சிறிது நேரம் கழித்து அவரே பேசினார். "புதுசா வர்ற பையன்களுக்கு நான் ரெண்டே ரெண்டு புத்தி சொல்லுவேன். ஒண்ணு, காதை நம்பாதே. காத்து எதிர்ப்பக்கம் அடிச்சா வண்டிச் சத்தம் கேக்காது. நீ அடிக்கிற சுத்தியல் சத்தமே வண்டிச் சத்தத்தை முழுங்கிடும். இன்னொண்ணு, ஒரு வண்டிக்கு ஒதுங்கி அடுத்த பாதையிலே போய் நிக்காதே. வண்டி ஒண்ணுதானேன்னு நெனைச்சா, ரெண்டா வரும்."

எங்கள் வண்டி ஊதியது. அவரிடம் விடை பெற்றுக்கொண்டு ஏறினேன். ஆனால் அந்த 'ஒன்பது, பத்து, பதினொண்ணு' மட்டும் திருச்சி போய்ச் சேரும் வரையில் என் காதை விட்டுப் போகவில்லை. தமிழிலே 'எண்ணுவது' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டல்லவா? கணக்கிடுவதும் எண்ணுவதுதான், நினைத்துப் பார்ப்பதும் எண்ணுவதுதான். அந்த மேஸ்திரி இரண்டையும் சேர்த்தே செய்துகொண்டிருந்தார். ரயில் பாதையில் உழைத்தவர்களின் சரித்திரத்தைப் பிறகு நான் புரட்டிப் பார்த்தபோது, அந்தச் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கியிருப்பதைக் கண்டேன்.

*

பெரியவரின் இரண்டாவது புத்திமதி இருக்கிறதே, 'அடுத்த பாதையிலே போய் நிக்காதே' என்பது, அதை அறியாததால் உயிரிழந்தவர் ஒரு முன்னாள் மந்திரி.

1830-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி. இங்கிலாந்தில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் பாதைத் திறப்பு விழா. வாட்டர்லூ யுத்தத்தில் நெப்போலியனை ஜெயித்த வெலிங்டன் பிரபு அப்போது பிரதம மந்திரி. அவரே விருந்தாளியாக வந்திருந்தார். அவருடைய விசேஷ வண்டி பார்க்ஸைட் என்ற இடத்தில் தண்ணீர் பிடிப்பதற்காக நின்றது. வண்டியை விட்டு இறங்க வேண்டாம் என்று விருந்தாளிகளுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஆனால் பெரிய மனிதர்கள் என்றைக்குத்தான் இந்த மாதிரி அறிவிப்புகளைக் காதில் போட்டுக்கொண்டார்கள்? சுமார் ஐம்பது பேர் இறங்கி, பக்கத்துப் பாதையில் உலாவத் தொடங்கினார்கள்.

அவர்களில் ஒருவர் வில்லியம் ஹஸ்கிஸன், லிவர்பூலின் பார்லிமெண்டு அங்கத்தினர். இரண்டு வருஷத்துக்கு முன் வெலிங்டனோடு பிணங்கி மந்திரி பதவியை விட்டவர். இந்த நல்ல நாளில் ராசியாகிவிடலாம் என்று பிரபுவின் வண்டியருகே போனார். அந்தச் சமயத்தில் அடுத்த பாதையில் 'ராக்கெட்' என்ற எஞ்சின் வந்துவிட்டது. மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். ஹஸ்கிஸன் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று தடுமாறி, கடைசியில் பிரபுவினுடைய வண்டியின் கதவைப் பிடித்துத் தொங்கினார். கதவு வெளிப் புறமாகத் திறந்துகொண்டது. அவரைக் கொண்டுபோய் எஞ்சினுக்கு எதிரிலேயே விட்டது. கால் நசுங்கியது. ரயில் எஞ்சின்களின் பிதாவான ஜார்ஜ் ஸ்டீவன்ஸனே ஒரு எஞ்சினை ஓட்டிக்கொண்டு அவரை எக்கிள்ஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோனார். அன்றிரவே ஹஸ்கிஸன் இறந்துபோனார்.

லிவர்பூல் நகரம் கடைகளை அடைத்துத் துக்கம் கொண்டாடியது. விபத்து நடந்த இடத்தில் நினைவுக் கல் நாட்டினார்கள். ரயில் விபத்து என்றாலே இன்றைக்கும் புத்தகங்களில் முதலில் வருகிற பெயர் அவருடையதுதான். ஆனால் அவரா முதலில் இறந்தவர்? நிலக்கரிச் சுரங்கங்களின் தண்டவாளங்களில் அதற்கு முன்பே எத்தனையோ ஏழைகள் மாண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கல்லும் இல்லை; சொல்லும் இல்லை. முதலாவதாக எண்ணப்பட்டவர் ஹஸ்கிஸன், அவ்வளவுதான் வித்தியாசம்.

*

எண்ணப்படாதவர்களை எண்ணியே தீருவேன் என்று ஒருவர் கிளம்பியது 1845-ஆம் வருஷ வாக்கில்.

மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே ஒரு பெரிய மேட்டுப் பிரதேசம் உண்டு. எப்போதும் மழை, காற்று, சேறு. அதைக் குடைந்து வுட்ஹெட் என்ற இடத்தில் மூன்று மைல் நீளத்துக்கு ஒரு சுரங்கம் தோண்டினார்கள். 1839-இல் தொடங்கிய வேலை 1845 டிசம்பரில்தான் முடிந்தது. நூற்றுக்கணக்கான கூலியாட்கள் மேட்டின் மேல் கற்களை அடுக்கிக் குடிசை கட்டிக்கொண்டு, இரவும் பகலும் பாறையை வெடி வைத்துப் பிளந்தார்கள். வெடி மருந்தைத் துளைக்குள் இட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். இரும்புக் கம்பி பாறையில் உரசினால் தீப்பொறி பறக்கும், மருந்து பற்றிக்கொள்ளும். செப்புக் கம்பியானால் அந்த அபாயம் குறைவு. ஆனால் செம்பு விலை அதிகம். சீக்கிரம் தேய்ந்தும் போய்விடும். ஆகையால் இரும்பே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

மான்செஸ்டரில் ஜான் ராபர்ட்டன் என்று ஒரு டாக்டர் இருந்தார். இதையெல்லாம் கேள்விப்பட்டு விசாரணையில் இறங்கினார். கூலியாட்களுக்கு வைத்தியம் பார்த்த ஹென்றி பாம்ஃப்ரெட் என்ற டாக்டர் கணக்கு வைத்திருந்தார். இறந்தவர்கள் 32 பேர். எலும்பு முறிந்து வெளியே துருத்திக்கொண்ட கேஸ்கள் 23. சாதாரண முறிவுகள் 74. தீக்காயம், நசுங்கல் முதலான பலத்த காயங்கள் 140.

இந்தக் கணக்கு எட்வின் சாட்விக் என்பவர் கையில் போய்ச் சேர்ந்தது. நகரங்களின் சாக்கடைகளைச் சீர்திருத்தப் பாடுபட்டவர் அவர், புள்ளிவிவரப் புலி. அவர் என்ன செய்தார் தெரியுமா? வேலை செய்தவர்கள் சுமார் 1,100 பேர் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பார்த்தார். நூற்றுக்கு மூன்று பேர் மரணம். பதினான்கு பேர் காயம். பிறகு வாட்டர்லூ முதலான யுத்தங்களில் இறந்த சிப்பாய்களின் விகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சுரங்கம் தோண்டியவர்களின் விகிதமே அதிகமாக இருந்தது! யுத்தத்தில் ஜெயித்த வெலிங்டன் பிரபு ரயில் பாதையைத் திறந்துவைக்க வந்தாரே, அந்த ரயில் பாதை அவருடைய யுத்தத்தைவிடக் கொடிய யுத்தமாக இருந்தது என்பதை 1846-இல் இங்கிலாந்து தெரிந்துகொண்டது.

அதே வருஷம் பார்லிமெண்டு ஒரு விசாரணைக் கமிட்டி நியமித்தது. வுட்ஹெட் எஞ்சினீயர்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: "ஆபத்தில்லாத திரி இருக்கிறதாமே, அதை ஏன் உபயோகிக்கவில்லை?" அவர் கூசாமல் பதில் சொன்னார். அந்தத் திரி ஒருவேளை ஆபத்துக் குறைந்ததாக இருக்கலாம். ஆனால் அதனால் நேரம் வீணாகிறது. அது காப்பாற்றக்கூடிய சில உயிர்களுக்காக அவ்வளவு நேரத்தை இழக்கும்படி தம்மால் சிபாரிசு செய்ய முடியாது என்று. அவர் கொடியவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் காலத்துக் கணக்குப் புத்தகத்தில் நேரத்துக்கு ஒரு பத்தி இருந்தது. செலவுக்கு ஒரு பத்தி இருந்தது. உயிருக்கு மட்டும் பத்தி போடவில்லை. அவர் புத்தகத்தில் உள்ளபடிதான் வாசித்தார்.

ஆட்களின் சாவுக்கும் காயத்துக்கும் கம்பெனிகளே பொறுப்பாக வேண்டும் என்று கமிட்டி சொல்லிற்று. பார்லிமெண்டு அதை வாங்கி அலமாரியில் வைத்தது. ஆனாலும் ஒன்று நடந்துவிட்டது. 32 என்ற எண் வெளியே வந்துவிட்டது. வெளியே வந்த எண்ணை மறுபடி உள்ளே தள்ள முடியாது.

*

இனி, அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவுக்குப் போவோம். இங்கே நமக்கு ஒரு கதாநாயகர் காத்திருக்கிறார். அவருடைய பெயர் லாரென்ஸோ காஃபின். 'காஃபின்' என்றால் ஆங்கிலத்தில் சவப்பெட்டி! சவப்பெட்டி என்ற பெயரை வைத்துக்கொண்டு, சவப்பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காகவே வாழ்ந்த விசித்திர மனிதர் அவர்.

அந்த நாளில் அமெரிக்கச் சரக்கு வண்டிகளை எப்படி ஒன்றோடொன்று இணைத்தார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வண்டியின் முனையிலும் இரும்பு வாய் போல் ஒரு துவாரம். ஒரு வண்டியின் வாயில் நீண்ட வளையம் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே இன்னொரு வண்டி நகர்ந்து வரும்போது, பிரேக்மேன் என்ற சிப்பந்தி இரண்டுக்கும் நடுவில் நின்று, அந்த வளையத்தைக் கையால் தூக்கி எதிர் வாய்க்குள் நுழைத்து, மேலேயிருந்து ஒரு ஆணியைப் போட வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் விரல் போயிற்று. கால் இடறினால் ஆளே போயிற்று. வேலை கேட்டு வருகிறவனின் கையைத்தான் அதிகாரி முதலில் பார்ப்பாராம். இரண்டு மூன்று விரல்கள் குறைந்திருந்தால், 'அனுபவசாலி' என்று சேர்த்துக்கொள்வார்களாம்!

விரல் தப்பினாலும் பிரேக்மேனுக்கு விமோசனம் இல்லை. வண்டியை நிறுத்த வேண்டுமானால், ஓடுகிற வண்டிகளின் கூரை மேல் தாவித் தாவிப் போய், ஒவ்வொரு வண்டியின் பிரேக்கையும் சக்கரத்தைத் திருகி இறுக்க வேண்டும். உறைபனி காலத்தில் கூரை முழுதும் கண்ணாடி போல் வழுக்கும்.

இத்தனைக்கும் மாற்று வழி இல்லாமல் இல்லை. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்பவர் காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்கை 1869-லேயே கண்டுபிடித்துவிட்டார். துணிக்கடைக் குமாஸ்தாவாக இருந்த ஈலை ஜானி என்பவர் 1873-இல் ஒரு புது இணைப்பானுக்குப் பேடண்ட் வாங்கினார். நம் இரண்டு கைகளின் விரல்களையும் வளைத்து ஒன்றோடொன்று கோத்துப் பாருங்கள். அதுதான் அதன் தத்துவம். வண்டிகள் மோதிக்கொண்டதும் தானே மாட்டிக்கொள்ளும். நடுவில் மனிதன் நிற்க வேண்டியதில்லை. மனிதனின் விரலைக் காப்பாற்றிய யுக்தி மனிதனின் விரலைப் போலவே இருந்தது.

ஆனால் கம்பெனிகள் சரக்கு வண்டிகளுக்கு இவற்றை வாங்கவில்லை. செலவு ஒரு காரணம். ஆளுக்கொரு தினுசு இணைப்பான் என்ற குழப்பம் ஒரு காரணம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பதில் தயாராக இருந்தது: 'அவன் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்.' செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசப்போவதில்லையே!

காஃபின் அயோவா மாகாணத்தில் ஒரு குடியானவர். 1874-இல் சரக்கு வண்டி ஒன்றில் போய்க்கொண்டிருந்தபோது, அவருடைய கண்ணெதிரே ஒரு பிரேக்மேன் வண்டிகளை இணைக்கப் போய் விரல்களைப் பறிகொடுத்தான். நம்மில் பலர் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போயிருப்போம். காஃபினால் முடியவில்லை. விவரங்களைத் திரட்டினார். பத்திரிகைகளுக்கு எழுதினார். ரயில்வே அதிகாரிகளின் மகாநாடுகளுக்கு அழைக்காமலே போய் நின்றார். 'பைத்தியக்காரக் கிழவன்' என்று பட்டம் கட்டினார்கள். 1883-இல் அயோவா மாகாண ரயில்வே கமிஷனராக அவரை நியமித்தார்கள். பதவி வந்த பிறகாவது வாயை மூடினாரா என்றால், அதுதான் இல்லை. 1886-லும் 1887-லும் பர்லிங்டன் என்ற ஊரில் நீளமான சரக்கு வண்டிகளில் காற்றுப் பிரேக்கைச் சோதித்துப் பார்த்தபோது அங்கே போய்க் காத்துக் கிடந்தார். முதலில் சோதனை தோற்றது. வெஸ்டிங்ஹவுஸ் பிரேக்கைத் திருத்தினார். பிறகு அது ஜெயித்தது. 1890-இல் அயோவாவில் சட்டம் வந்தது.

இதற்கிடையில் அமெரிக்க மத்திய சர்க்கார் முதல் தடவையாகக் கணக்கெடுக்கத் தொடங்கியிருந்தது. ஒரே வருஷத்தில் ரயில்வே சிப்பந்திகளில் இறந்தவர்கள் 2,000 பேருக்கு மேல். காயமடைந்தவர்கள் 20,000 பேருக்கு மேல்! ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிஸன் 1889-இல் காங்கிரஸ் சபைக்கு அனுப்பிய செய்தியில், யுத்த காலத்துச் சிப்பாய்க்கு உள்ள அபாயம் ஒரு தொழிலாளிக்கு இருப்பது நம் நாகரிகத்துக்கே அவமானம் என்று எழுதினார். பாருங்கள், சாட்விக் போட்ட அதே ஒப்பீடு! ஹாரிஸனும் பழைய படைத் தளபதிதான். தமக்குத் தெரிந்த கணக்கோடு அவர் ஒத்துப் பார்த்தார்.

1893-ஆம் வருஷம் மார்ச் 2-ஆம் தேதி, வண்டிகளில் தானியங்கி இணைப்பானும் காற்றுப் பிரேக்கும் இருக்க வேண்டும் என்ற சட்டத்தில் ஹாரிஸன் கையெழுத்திட்டார். கையெழுத்திட்ட பேனாவைக் காஃபினிடமே கொடுத்துவிட்டார் என்று சொல்வார்கள். அந்த வருஷத்தில் வண்டிகளை இணைக்கும் வேலையில் மட்டும் 433 பேர் இறந்திருந்தார்கள். சட்டம் முழுமையாக அமலுக்கு வந்தது 1900-இல். சில வருஷங்களுக்குள் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பிரேக்மேன்கள் திடீரென்று ஜாக்கிரதைசாலிகள் ஆகிவிட்டார்களா? இல்லை; அவர்கள் அதே மனிதர்கள்தான். இரும்பு மாறியது.

*

சட்டம் வந்துவிட்டால் கதை சுபமாக முடிந்துவிடும் என்றா நினைக்கிறீர்கள்? சட்டத்துக்குப் பிறகு வக்கீல்கள் வருகிறார்கள்.

1900-இல் யூட்டா பிரதேசத்தில் ஜான்ஸன் என்ற பிரேக்மேன் ஒரு எஞ்சினைச் சாப்பாட்டு வண்டியோடு இணைக்கப் போனான். இரண்டிலும் தானியங்கி இணைப்பான் இருந்தது. ஆனால் இரண்டும் வேறு வேறு தினுசு. ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நடுவில் புகுந்தான், கை நசுங்கியது. கீழ்க் கோர்ட்டு என்ன சொல்லிற்று தெரியுமா? சட்டத்தில் 'வண்டி' என்றுதான் இருக்கிறது, எஞ்சின் ஒரு வண்டி ஆகாது என்று! 1904-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளி, எஞ்சினும் வண்டிதான் என்று தீர்ப்புச் சொன்னது. சட்டம் எதற்காகப் பிறந்தது என்பதை அந்த நீதிபதிகள் எண்ணிப் பார்த்தார்கள்.

இங்கிலாந்தில் இன்னொரு வழக்கு. பாதையைப் பழுது பார்ப்பவர்களுக்கு, வண்டி வருவதைப் பார்த்து எச்சரிக்கத் தனியாக ஒரு காவல் ஆளை நிறுத்த வேண்டும் என்று அங்கே 1902 முதல் விதி இருந்தது. பெரியவர் ஊரில் விசில் ஊதினாரே ஒருவர், அவருக்கு மூதாதை இந்த விதி. சிக்னல் சாதனங்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி வண்டி மோதி இறந்தார். காவல் ஆள் இல்லை. அவருடைய மனைவி நஷ்ட ஈடு கேட்டார். வழக்கு பிரபுக்கள் சபை வரையில் போயிற்று. 1946-இல் தீர்ப்பு: விதியில் 'பழுது பார்த்தல்' என்று இருக்கிறது, எண்ணெய் விடுவது பழுது பார்ப்பது ஆகாது. நீதிபதிகள் ஐவரில் மூவர் ஒரு பக்கம். இருவர் மறு பக்கம். அந்த அம்மாளுக்குத் தோல்வி.

எண்ணெய் விடுகிறவன் மேல் வண்டி மோதினால் வலிக்காதா? இங்கே சொல்லை எண்ணினார்கள், மனிதனை எண்ணவில்லை.

எல்லாம் பழைய கதை என்றும் தள்ளிவிட முடியாது. இப்போது நாம் எங்கும் காண்கிற செம்மஞ்சள் சட்டையை 1964-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் மின்சார ரயில் பாதையில் சோதித்துப் பார்த்தார்கள். அதற்கு 'மின்மினி' என்று செல்லப் பெயர்கூட உண்டு. ஓட்டுநர் தூரத்திலிருந்தே ஆளைப் பார்த்து ஊதுவதற்கு அது உதவும். ஆனால் சட்டை வண்டியை நிறுத்தாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடியில் சுமார் 28 மீட்டர் தாண்டிவிடும். ஓட்டுநர் ஆளைப் பார்த்துப் பிரேக் போட்டாலும், நிற்பதற்குள் நெடுந்தூரம் போய்விடும். விலக வேண்டியவன் மனிதன்தான். அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும். 2019-ஆம் வருஷம் ஜூலை 3-ஆம் தேதி, வேல்ஸ் நாட்டில் மார்கம் என்ற இடத்தில், பட்டப் பகலில் மூன்று பேர் தண்டவாளத்தின் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பெரும் சத்தம் போடும் இயந்திரம். சத்தத்துக்காகக் காதில் உறை. காவல் ஆள் இல்லை. வண்டி வந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் இறந்தார்கள். 'காதை நம்பாதே' என்ற நம் மேஸ்திரியின் முதல் புத்திமதி அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை என்று சொல்ல முடியுமா?

*

நம் நாட்டுக்கு வருவோம். 1853-இல் பம்பாயில் முதல் பிரயாணி வண்டி ஓடியது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. அதே 1856-இல் பம்பாய்க்கும் பூனாவுக்கும் நடுவே போர் காட் மலையில் பாதை போடும் வேலை தொடங்கியது. இருபத்தைந்து சுரங்கங்கள், ஏழு வருஷ வேலை, ஒரு காலத்தில் 42,000 பேர் வரையில் மலையில் இருந்தார்கள். அவர்களில் காலராவிலும், காய்ச்சலிலும், வெடியிலும், பள்ளத்தில் விழுந்தும் இறந்தவர்கள் எத்தனை பேர்? 25,000 வரையில் இருக்கும் என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். மதிப்பீடுதான், கணக்கு அல்ல. வுட்ஹெடில் 32 பேருக்கு ஒரு டாக்டர் கணக்கு வைத்திருந்தார். இங்கே ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் இல்லை.

கீமேன் என்பவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தோளில் சுத்தியல், கையில் பை, தினமும் தம் பங்குப் பாதை முழுவதையும் நடந்தே பார்ப்பவர். தளர்ந்த பிடிப்பை இறுக்குவார். விரிசல் கண்டால் வண்டியை நிறுத்துவார். பையில் சிவப்புக் கொடி இருக்கும். தண்டவாளத்தில் வைக்கும் வெடிகள் இருக்கும். 1841-இல் கௌப்பர் என்ற ஆங்கில எஞ்சினீயர் கண்டுபிடித்த சாதனம் இந்த வெடி. அகலப் பாதையில் ஆபத்தான இடத்திலிருந்து 600 மீட்டரில் ஒன்றும், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூன்றும் வைக்க வேண்டும். சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை உஷார்ப்படுத்தும். சற்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பையில் இருப்பவை எல்லாம் வண்டிக்குள் இருக்கிற உங்களையும் என்னையும் காப்பாற்றுவதற்காக. அவரைக் காப்பாற்ற அந்தப் பையில் என்ன இருக்கிறது?

அரியலூர் என்றதும் பலருக்கு 1956 நவம்பர் ஞாபகம் வரும். வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் சிதைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜிநாமா செய்தார். தேசமே கலங்கியது, கலங்க வேண்டியதுதான். ஆனால் நூறு பேர் ஒரே இரவில் இறந்தால் அதற்குப் பெயர் விபத்து. நூறு பேர் நூறு இடங்களில், ஒருவர் ஒருவராக, காலைப் பனியில் இறந்தால் அதற்குப் பெயரே இல்லை. 2012-இல் அனில் ககோட்கர் தலைமையில் அமைந்த பாதுகாப்புக் கமிட்டி தன் அறிக்கையில் இதை எழுத்தில் வைத்தது. 2007-08 முதல் 2011 அக்டோபர் வரையில் பணியின்போது இறந்த ரயில்வே ஊழியர்கள் சுமார் 1,600 பேர். காயமடைந்தவர்கள் சுமார் 8,700 பேர். ஐந்து வருஷத்துக்குள் இத்தனை! 'ரக்ஷக்' என்ற கருவியைப் பற்றி இப்போது கேள்விப்படுகிறோம். வண்டி நெருங்குவதைக் கீமேனுக்கு ஒலியாலும், ஒளியாலும், அதிர்வாலும் சொல்லும் கருவி அது. சில பகுதிகளில் அது வந்திருக்கிறது. கடைசியில் அந்தப் பையில் அவருக்காகவும் ஒரு பொருள்!

இருநூறு வருஷத்துக் கதையில் நான் கண்டது ஒன்றுதான். 'ஜாக்கிரதையாக இரு' என்று சொல்வதால் மட்டும் யாரும் பிழைத்ததில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, இறந்தவர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணியிருக்கிறார். எண் பெரிதானதும் ஊர் திரும்பிப் பார்த்திருக்கிறது. பிறகுதான் இரும்புக்கு விரல் முளைத்தது. சட்டைக்கு நிறம் வந்தது. விசில் ஊத ஓர் ஆள் நின்றான்.

அடுத்த தடவை நீங்கள் ரயிலில் போகும்போது, செம்மஞ்சள் சட்டைக்காரர்கள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். உங்கள் வண்டி போவதற்காகத்தான் நிற்கிறார்கள். ஜன்னல் வழியாக அவர்களை எண்ணிப் பாருங்கள். வண்டியின் வேகத்தில் ஏழெட்டுக்கு மேல் எண்ண முடியாது. பாதகமில்லை, மீதியை அங்கே மேஸ்திரி எண்ணிக்கொள்வார்.

புங்கமரத்தடிப் பெரியவர் வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவர் எண்ணிய அந்தப் பதினொரு பேரில் ஒருவர்கூட அவருடைய ஆள் இல்லை. அவர் எண்ணுவதை யாரும் கேட்கவும் இல்லை. ஆனாலும் பதினொன்றாவது தலை கண்ணில் பட்ட பிறகுதான் அவர் 'சரி' என்றார். என்றைக்கோ குறைந்த அந்த ஒன்றை அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.